மரத்தில் கட்டிய என் குரல்

நான் வேலையை விட்டு நின்று இரண்டு வருடம் ஆகிறது. என் குரல் இன்னும் நிற்கவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் அது வேலையில் ஏறிவிடும். நான் இங்கே ராசிங்காபுரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். அங்கே காய் எடுக்கிற பெண்களின் காதில் "குனிஞ்சு போ, தேன்கூடு இருக்கு" என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். "வீட்டுலதான் ஓயாம ஒன் சத்தம்னா மலையிலயுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் இல்லை.

இப்போது வேறு சில தோட்டங்களும் பதிந்து வைத்த குரலைக் காதில் பேசுகிற இந்தக் காதுப் பொட்டியை வாங்குகின்றன. அங்கே வேலை பார்க்கும் ரைட்டர்கள் என் நம்பரை எங்கிருந்தோ பிடித்து போன் செய்கிறார்கள். எப்படிப் பழக்கினீர்கள், என்னென்ன பேசிப் பதிந்தீர்கள், பொம்பளைகள் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஆதியிலிருந்து சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும். நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். எந்த நம்பரில் இன்று காய் எடுத்தார்கள், எதில் களை வெட்டினார்கள், எதில் என்ன பூச்சி மருந்து அடித்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதுகிறவர்தான் ரைட்டர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அந்தச் சோலிக்குப் பெரும்பாலும் ஆம்பளைகளைத்தான் வைப்பார்கள். பிளஸ் டூவும் டைப்பும் முடித்த ஒரு பொம்பளை போய் நின்றதும், "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, அட்டைக்குப் பயப்படுவியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். மாட்டேன் என்றேன். பச்சைப் பொய். ஆறு மாதம் அட்டைக்கடிக்கு அழுதேன், ஒரு வருடம் நம்பர்களை நெட்டுருப் போட்டேன். அதற்குள் வேலை பிடிபட்டுவிட்டது.

எங்கள் மேனேஜர் வர்கீஸ் சார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. தமிழையும் மலையாளத்தையும் கலந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த நம்பரைப் பற்றியும் ஆபீசுக்குள் வைத்து எதையும் காதில் வாங்க மாட்டார். "அவிடெ போயி நின்னு சொல்லு" என்று குடையை எடுத்துவிடுவார். போனதும் அந்த நம்பரின் மூலையில் நிற்கிற நிழல் மரத்தில் நம்மைக் கை வைக்கச் சொல்வார். கையை எடுக்காமல் பேச வேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் கண்ணால் பார்த்தது என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு "அவரு சொன்னாரு சார்" என்று இழுத்தால் ரெஜிஸ்டரை மூடிக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

ஒரு தடவை நன்றாக மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஆறாம் நம்பரில் மருந்து அடித்து முடித்துவிட்டோம் என்று அடிக்கிறவர்கள் சொன்னார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. யார் போய்ப் பார்ப்பது என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே "ஆறு, முழுவதும் முடிந்தது" என்று அழகாக எழுதி வைத்தேன். சாயங்காலம் சார் குடையோடு வந்து நின்றார். இரண்டு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போனார். போய்ப் பார்த்தால், பாதித் தூரத்தில் மருந்துக் குழாய் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு மேலே ஒரு செடியில்கூட மருந்து படவில்லை.

"ஜெயக்கொடி, நீ எழுதிய ஆறு எவிடெ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே அந்த ஆறாம் நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார். அங்கேயே முழங்காலில் ரெஜிஸ்டரை வைத்துத் திருத்தி எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் நனைந்துகொண்டு எனக்கும் ரெஜிஸ்டருக்கும் குடை பிடித்தார். அந்தக் குடைக்கு அடியில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, அப்பப்பா!

மருந்து விஷயத்தில் அவர் வைத்த முறை ரொம்பக் கண்டிப்பானது. அடித்த நம்பருக்குள் மூன்று நாள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு நம்பருக்கும் ஜீப்பு ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு வாசல். மருந்து அடித்ததும் வாசலில் சிவப்புத் துணி கட்டுவேன். யாராக இருந்தாலும் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஓடையைத் தாண்டியோ பின்பக்க ஒற்றையடிப் பாதையிலிருந்தோ குறுக்கே நுழைந்தால் அன்று முழுக்க என்னிடம் வசவு வாங்குவார்கள். என் வாயைப் பற்றி மலையில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படியே வருடங்கள் ஓடின. நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கூட வந்த இன்ஜினியர் பெயர் சுரேந்தர். முப்பது வயதிருக்கும், ஒல்லியாக, எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லுகிற ஆள். இடுப்பு வாரில் மாட்டுகிற ஒரு பொட்டியையும், காதுக்கு முன்னால் எலும்பின் மேல் உட்கார்கிற ஒரு கொக்கியையும் என் மேசையில் வைத்தார். காதை அடைக்காது, மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தாலும் கேட்கும், பக்கத்தில் யானை வந்தாலும் அதுவும் கேட்கும் என்றார்.

"இது நாம எங்க நிக்கிறோம்னு செல்போனு மாதிரி வானத்தப் பாத்துச் சொல்லுமா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். இவ்ளோ மரத்துக்கு அடியில அது சரியா வராது. அதனால இங்க மரமே சொல்லிரும்."

மரமே சொல்லும்! அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அன்று முழுக்க அந்த ஆளை ஒரு வாய் சாப்பிட விடவில்லை. எல்லைகளிலும் வாசல்களிலும் இருக்கும் நிழல் மரங்களில் தீப்பெட்டி அளவு ஒரு பொட்டியைக் கட்டுவார்கள். அது தன் நம்பரை ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். நம் காதுக்குக் கேட்காது, இடுப்புப் பொட்டிக்குக் கேட்கும். எந்த மரம் பலமாகக் கேட்கிறதோ அதுதான் பக்கத்தில் என்று இடுப்புப் பொட்டி முடிவு செய்யும். அந்த நம்பரைப் பற்றி அவர்கள் கொடுத்த டேப்லட்டில் நான் எழுதி வைத்ததை எடுத்து, நிற்கிற ஆளின் காதில் சொல்லும். சந்தேகமாக இருந்தால் இடுப்பில் ஒரு பட்டனை அமுக்கினால் திரும்பச் சொல்லும். ஆள் தடுக்கி விழுந்து எழுந்திருக்காவிட்டால் அதுவே மரப்பொட்டிகள் வழியாக ஆபீசுக்குச் சேதி அனுப்பும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மரப்பொட்டியை எடுத்து என் சோற்றுச் சட்டிக்குள் போட்டு மூடினேன். ஊமையாகிவிட்டது. ஈரச் சாக்கைப் போர்த்தினேன், குரல் மங்கியது. மரத்தைச் சுற்றி வந்து எத்தனை எட்டு தள்ளிப் போனால் இடுப்புப் பொட்டி அதை விடுகிறது என்று காலால் அளந்தேன். "மேடம், பேசாம நீங்க எங்க கம்பெனிக்கே வந்துருங்க" என்றார் சுரேந்தர். "வந்துருவேன், உங்க ஊர்ல மலை இருக்கா?" என்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. பொட்டிக்குள் அவர்கள் வைத்துக் கொண்டுவந்த குரல். "தாங்கள் ஒன்பதாம் பகுதியினுள் நுழைந்துள்ளீர்கள்" என்றது. காய் எடுக்கிற பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். "யாருடி இவ, கலெக்டர் பொண்டாட்டியா?" "தாங்களாம்ல, தாங்கள்!" என்று அன்று முழுக்க அதே கேலி. சிரித்தார்களே தவிர, அது சொன்னதை ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பேசிப் பதிகிறேன் என்று சுரேந்தரிடம் சொன்னேன்.

காய் ஸ்டோரின் பின்அறையில் சுற்றிலும் சாக்கைத் தொங்கவிட்டு உட்காரவைத்தார். எனக்கு வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? ஆபீசுக்குள் இருந்து எந்த நம்பரைப் பற்றியும் பேசக் கூடாது என்று முப்பது வருடப் பழக்கம். கடைசியில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய், மரத்தில் கை வைத்துக்கொண்டு பேசினேன். "இது ஏழு. பாறை வழுக்கும், செருப்பக் கழட்டிட்டு எறங்கு." "இது பதினாலு. மருந்து அடிச்சிருக்கு, உள்ள காலு வச்சே, கொன்னுருவேன்." "இது ஒம்போது. மருந்துக் கெடு முடிஞ்சிருச்சு. போகலாம் ஆத்தா." எல்லா நம்பருக்கும் போகாதே என்று ஒன்று, போகலாம் என்று ஒன்று. டேப்லட்டில் நான் எழுதுவதைப் பொறுத்து அது மாறிக்கொள்ளும்.

சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் அத்தனை பேரும் கேட்டார்கள். என் குரல் சொன்னால் "சரிக்கா" என்று மரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். இன்னும் சிலர் "நீ போடி, ஒன் சோலியப் பாத்துக்கிட்டு" என்று நேரில் என்னைச் சொல்ல முடியாததை மரத்திடம் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். யாரும் இல்லாத நேரம் நானே ஒரு பொட்டியை மாட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து என் குரலைக் கேட்டிருக்கிறேன்.

எல்லோரையும்விட அதை விரும்பியவள் பேச்சி. பொட்டிபுரம் என்கிற ஊர்க்காரி. முப்பத்தஞ்சு வயதிருக்கும். கீழே நிலக்கடலையும் பருத்தியும் பார்த்தவள், மலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூடுபனியில் எல்லா நம்பரும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்தாள். பொட்டி வந்ததும் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். "நீ கூடவே வர்ற மாதிரி இருக்குக்கா" என்பாள்.

அந்தப் பெருமையில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். சிவப்புத் துணி இருக்கட்டும், ஆனால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எங்கிட்டு வேணாலும் நுழைங்க, அது சொல்லும்" என்றேன். வர்கீஸ் சார் "வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன். "உறப்பா வேண்டாமோ?", நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். ரெஜிஸ்டர் என் பொறுப்பு என்பதால் அதோடு விட்டுவிட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி மாதச் சாரல். முந்தின நாள் மழை கொஞ்சம் வெறித்ததால் பதினாலாம் நம்பரில் மருந்து அடித்தோம். வாசலில் துணி கட்டினேன், டேப்லட்டிலும் எழுதினேன். மறுநாள் காலை ஒன்பதாம் நம்பரில் காய் எடுப்பு. ஒன்பதும் பதினாலும் பின்பக்கத்தில் ஒட்டி இருக்கும். நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதைதான். பனி அப்படி மூடியிருந்தது, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

பதினொன்றரை மணிக்கு நாலைந்து பெண்கள் பிளாஸ்டிக் தாளில் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சி. வாந்தி எடுத்திருந்தாள். அந்தக் குளிரில் தெப்பமாக வேர்த்திருந்தது. வாயில் தண்ணீராக ஊறி வழிந்தது.

"மருந்து வாடை அடிச்சுச்சுக்கா" என்றாள். "கண்ணு மங்குது."

"பதினாலுக்குள்ள போனியாடி?"

"போகலக்கா. நீதான ஒம்போதுன்னு சொன்ன."

மாதாந்திரச் சோதனைக்காக சுரேந்தர் அன்று தோட்டத்தில் இருந்தார். உடனே டேப்லட்டில் எடுத்துப் பார்த்தார். எந்த நேரத்தில் யாருடைய பொட்டி எந்த மரத்தின் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். "ஒம்போது மணியிலருந்து இப்ப வரைக்கும் ஒன்பதாம் நம்பர்லதான் மேடம் இருந்திருக்காங்க. பதினாலுப் பக்கமே போகல" என்றார். மருந்துக்குள்ளேயே போகவில்லை, பின்னே மருந்து வாடை எங்கிருந்து வரும்? காலையில் கட்டிக்கொண்டு வந்த சோறு ஊசிப்போயிருக்கும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"நீ பதினாலுக்கே போகலையே ஆத்தா, ஒண்ணும் ஆகாது" என்று பேச்சியிடம் சொன்னேன். ஜீப்பில் அவளை ஏற்றி, துணைக்கு ஒருத்தியையும் ஏற்றி, டிரைவரிடம், "வெரசா போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. டாக்டர் கேட்டா சாப்பாடு சேரலன்னு சொல்லு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

ஜீப்பு போன பத்து நிமிடத்தில் வர்கீஸ் சார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நீ அவிடெ போயி நோக்கியோ?" என்றார்.

"டேப்லட்டுல தெளிவா இருக்கு சார்."

"அது சரி. நீ போயி நோக்கியோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரெஜிஸ்டர் ஒன்பது என்கிறது, மிஷின் ஒன்பது என்கிறது, பேச்சியே ஒன்பது என்றுதான் சொன்னாள். இன்னும் என்னத்தைப் போய்ப் பார்க்க? முழங்கால் வலியால் அப்போது அவர் அதிகம் நடப்பதில்லை. தன் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்தக் குடையை வாங்கிக்கொண்டு அதற்கு மேல் நிற்க முடியுமா? ஒரு பொட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். சுரேந்தரும் பின்னாலேயே வந்தார்.

அதற்குள் பனி கொஞ்சம் விலகியிருந்தது. பேச்சி எடுத்த நிரையைப் பிடித்துக்கொண்டு போனேன். செடிகளின் அடியில் காய் பறித்துவிட்ட சரங்கள் வரிசையாகத் தெரிந்தன. நிரை ஒற்றையடிப் பாதை வரை வந்து நின்றது. பாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் பறித்திருந்தது. அது பதினாலு. முப்பது வருடம் நடந்த மண், எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மருந்து நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. பாதையிலேயே நின்று பட்டனை அமுக்கினேன்.

"இது ஒம்போது. மருந்துக் கெடு முடிஞ்சிருச்சு. போகலாம் ஆத்தா."

என் குரல். பதிந்த அன்று நான் நல்ல குஷியில் இருந்தேன் போலிருக்கிறது, அப்படி ஒரு செல்லம் அதில். திரும்ப அமுக்கினேன். அதே செல்லத்தோடு திரும்பச் சொன்னது. எதிரே பதினாலாம் நம்பரின் ஓரத்தில் நின்ற மரத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் மரத்தில் இருக்க வேண்டிய பொட்டி அதில் கட்டியிருந்தது. பதினாலின் பொட்டி அங்கிருந்து எட்டாத தூரத்து மரத்தில் இருந்தது.

யார் கட்டினார்கள், எப்படி வந்தது என்று யோசிக்க நேரமில்லை. மருந்துக் கொட்டகைக்கு ஓடினேன். நேற்று அடித்த மருந்து டப்பாவின் லேபிளை போட்டோ எடுத்தேன். தோட்டத்தில் எங்கும் செல்போன் சிக்னல் கிடையாது, ஜீப்பு ரோட்டு வளைவில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது, ஓடினேன். டிரைவருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மலை இறங்குகிற வளைவுகளில் அவன் போனுக்கும் சிக்னல் இருக்காது. மறுபடி அடித்தேன். மறுபடி. பக்கத்தில் நின்ற சுரேந்தர் தன் போனிலிருந்தும் அடித்துக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தேன்.

ஜீப்பு மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலுக்கு இறங்கிய பிறகுதான் மணி போனது.

"அண்ணே, சோறு இல்லண்ணே, மருந்து! பதினாலுக்குள்ள போயிருச்சு. லேபிளு போட்டோ அனுப்புறேன். போன உடனே டாக்டர் கண்ணுல காட்டு. நான் மொதல்ல சொன்னத மறந்துரு, அண்ணே!"

"காட்டுறேன் தாயி. இன்னும் கால் மணி நேரத்துல போயிருவேன். பேச்சிக்குத்தான் கையெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது" என்றான்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பாறைமேல் உட்கார்ந்து கழித்தேன். டாக்டர் போட்டோவைப் பார்த்தவுடன் அதற்கான முறிவு மருந்தை ஏற்றிவிட்டதாக டிரைவர் அப்புறம் போன் செய்தான். "சோறு சேரலன்னே நாங்க சொல்லியிருந்தா என்னாகியிருக்கும்னு அவரு கேட்டாரு தாயி" என்றான். இரண்டு நாள் கழித்துத்தான் பேச்சி கண் தெளிந்து பேசினாள்.

பொட்டியை மாற்றிக் கட்டியவர் மொக்கராசு அண்ணன். நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவர். எங்கள் பக்கம் கிளை கழிக்கிற ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. மரத்தில் என்ன கட்டியிருந்தாலும், நேர்த்திக் கயிறோ, தொட்டில் துணியோ, யாரோ ஒருத்தியின் சோற்றுப் பையோ, அதை வெட்டி எறிய மாட்டார்கள், தரையிலும் வைக்க மாட்டார்கள். அவிழ்த்துப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டுத்தான் அரிவாளை எடுப்பார்கள். இரண்டு நாள் முன்னால் ஒன்பதாம் நம்பர் ஓரத்து மரத்தைக் கழித்தபோது அதைத்தான் செய்திருக்கிறார். பக்கத்து மரம் என்று அவர் பார்த்தது பாதைக்கு அந்தப் பக்கத்து மரத்தை.

மறுநாள் அவரை ஆபீசில் நிறுத்தி ஆளாளுக்குக் கேட்டார்கள். வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்றுகூடப் பேச்சு வந்தது. அவர் கை கட்டி நின்றார். "தங்கச்சிதான சொல்லுச்சு, பொட்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, கீழ மட்டும் வச்சிராதீங்க, தண்ணி பூந்துரும்னு. நான் பத்திரமாத்தான் கட்டுனேன்" என்றார்.

உண்மைதான். அதைத்தான் நான் சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பொட்டி என்ன பேசும், அது எதற்கு அந்த மரத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய் எடுக்கிறவர்களுக்கு மட்டும் இடுப்புப் பொட்டி கொடுத்தோம். மரத்தில் ஏறுகிறவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இது என் தப்பு சார், அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. வாசல் கட்டாயத்த எடுத்ததும் நான்தான்" என்றேன். வர்கீஸ் சார் வழக்கம்போல எல்லோரையும் அந்த மரத்துக்கே கூட்டிக்கொண்டு போனார், முழங்கால் வலியோடு. மொக்கராசு அண்ணன் கட்டியிருந்த விதத்தை அங்கேதான் சரியாகப் பார்த்தேன். தலை உயரத்தில், தேங்காய்நார்க் கயிற்றில் இரட்டை முடிச்சு. மேலே மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சுற்றிவிட்டிருந்தார். என் வீட்டுச் சாவியைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைத்தது கிடையாது.

சுரேந்தர் தன் இடுப்புப் பொட்டியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். பட்டனை அமுக்கியதும் அண்ணன் துள்ளிப்போனார். "அடி ஆத்தி! தங்கச்சி, நீயா இதுக்குள்ள இருக்க? இது தெரிஞ்சிருந்தா நான் கை வச்சிருப்பேனா?" என்றார். அன்றே வாசல் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். மரம் ஏறுகிறவர்கள் அத்தனை பேருக்கும் பொட்டி கொடுத்தோம். மரப்பொட்டி இடம் மாறினால் டேப்லட்டில் தெரிகிற மாதிரி சுரேந்தர் அடுத்த மாதமே செய்து கொண்டுவந்தார்.

இதோடு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து பேச்சி வேலைக்குத் திரும்பினாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. பொட்டியைத் தொடவே மாட்டாள் என்று நினைத்தேன். மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்னை மன்னிச்சிரு ஆத்தா. நீ மருந்து வாடைன்னு சொல்லியும் நான் நம்பல."

"அட, விடுக்கா. நீதான போன் பண்ணிக் காப்பாத்துன" என்றாள். அப்புறம் கையில் இருந்த சாக்கைத் திருகிக்கொண்டே தொடர்ந்தாள். "அன்னைக்கு அந்தப் பாதையத் தாண்டுனதும் வாடை அடிச்சுச்சுக்கா. நின்னுட்டேன். பட்டன அமுக்குனேன், நீ போகலாம்னுட்ட. இன்னும் ரெண்டு எட்டு வச்சேன், வாடை கூடுச்சு. திரும்ப அமுக்குனேன். நீ போகலாம் ஆத்தான்னுட்ட. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் மூக்கத்தான்க்கா நம்பியிருப்பேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. என் மேல் எவ்வளவு நம்பிக்கை பார் என்று என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காய் எடுக்கப் போய்விட்டாள். பொட்டி இடம் மாறினால் கண்டுபிடித்துவிடலாம். வேறு ஏதாவது தப்பாகும், யாரோ ஒருத்தர் டேப்லட்டில் மாற்றி எழுதிவிடுவார், அப்போதும் இவள் மூக்கை விட்டுவிட்டு என்னைத்தான் நம்புவாள்.

உடனே பாறைமேல் ஏறி சுரேந்தருக்கு போன் செய்தேன்.

"தம்பி, போகாத, வழுக்கும், குனின்னு சொல்றதெல்லாம் என் குரல்லயே இருக்கட்டும். போகலாம்னு வர்றத மட்டும் ஒண்ணு விடாம அழிச்சிருங்க."

"அப்ப அத யாரு மேடம் சொல்றது?"

"இந்த மலைய மிதிக்காத ஒருத்தங்களக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க. எங்க ஜனங்க யாருக்கும் அவங்கள முன்னப் பின்னத் தெரியக் கூடாது."

"மேடம், அப்படி வச்சா அத யாரும் நம்ப மாட்டாங்களே?" என்றார்.

"நம்ப வேண்டாம் தம்பி. நின்னு ஒரு தடவ மோந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றேன்.